அங்கோர் நெடுவழியில் ஒரு திருத்தம்

நம் வட்டத்தின் இரண்டாம் ஆண்டு விழாவில் ‘கடல் கடந்த தமிழ்’ என்னும் பொருளில் நான் ஆற்றிய உரை அன்பர்கள் சிலருக்கு நினைவிருக்கக்கூடும். கம்போடிய நாட்டின் அங்கோர்வாட் கோயிலைக் கட்டிய சூரியவர்மன் ஒரு தமிழ் மன்னனே என்று அவ்வுரையில் அடித்துக் கூறினேன். அவை கைதட்டிற்று. மூத்த கவிஞர் ஒருவர் அச்செய்தியை எண்சீர் விருத்தமாக்கி அடுத்த கூட்டத்தில் படித்தார். பின்னர் என் மாணவியர் இருவர் தேர்வுத்தாளில் அதனை எழுதினர். நானும் மதிப்பெண் இட்டேன். மூன்றாம் மாணவி ஒருத்தி மட்டும் வகுப்பு முடிந்தபின் வந்து, “அம்மா, அதற்குக் கல்வெட்டு எண் என்ன?” என்று கேட்டாள். பார்த்துச் சொல்வதாகக் கூறினேன். பார்த்தேன், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவும் இல்லை. அவள் படிப்பை முடித்துச் சென்று ஆண்டுகள் ஆகிவிட்டன. பத்தாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, முதற்கண் தீர்க்க வேண்டிய கடன் இதுவே என்று தோன்றியது.

2023 டிசம்பரில் ஆறு நாள் மிதிவண்டிப் பயணமாகக் கம்போடியா சென்று வந்தேன். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, எட்டுப் பேர் பின்தொடர, தண்ணீரும் உதிரிப் பொருள்களும் ஏற்றிய சிற்றுந்து ஒன்று கடைசியில் வரும். நாற்பதைக் கடந்த தமிழ் விரிவுரையாளருக்கு இஃது ஏன் என்று வீட்டில் கேட்டனர். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் வளர்ந்தவள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அம்மாவட்டப் பெண்களை மிதிவண்டியில் ஏற்றியபோது என் அன்னையும் ஏறினார். பின்னிருக்கையில் நான் இருந்தேன். அவ்வண்டியிலேயே நானும் ஓட்டக் கற்றேன். பேருந்தில் போனால் கோயில்கள் மட்டுமே கண்ணிற் படும். மிதிவண்டியில் போனால் கோயில்களுக்கு இடைப்பட்ட நாடும் படும். அந்த இடைப்பட்ட நாடுதான் என் பழைய கூற்றை மெல்ல மெல்ல உடைத்தது.

முதல் நாள் சியெம்ரீப் நகரிலிருந்து கிழக்கே ரொலுவோஸ் சென்றோம். கெமர் வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று இவ்வூர். கி.பி. 802இல் இரண்டாம் சயவர்மன் மகேந்திரபர்வதம் என்னும் மலைமீது பேரரசனாக முடிசூடியதை, 11ஆம் நூற்றாண்டின் நடுவில் பொறிக்கப்பட்ட ஸ்டோக் காக் தோம் கல்வெட்டு கூறுகிறது. அம்மலையே இன்றைய குலென் மலை. 2012இல் வானிலிருந்து ஒளிக்கதிர் பாய்ச்சி நிலத்தை அளந்தபோது, அம்மலைக் காட்டினுள் தெருவும் அணையுமாக ஒரு நகரின் அமைப்புத் தெரியவந்தது. அவ்வரசன் பின்னர் வந்து தங்கிய அரிகராலயமே ரொலுவோஸ். இங்கே முதலாம் இந்திரவர்மன் செங்கல்லால் ஆறு கோபுரங்கள் எழுப்பினான். அதன் இக்காலப் பெயர் பிரா கோ. முன்வரிசை மூன்றும் அவன் தந்தை, தாய்வழிப் பாட்டன், இரண்டாம் சயவர்மன் ஆகியோர்க்கு. பின்வரிசை மூன்றும் அவர்தம் மனைவியர்க்கு. நம் பள்ளிப்படைக் கோயில்களை ஒருவாறு நினைவூட்டும் அமைப்பு இது. 881இல் அவன் எழுப்பிய பாகோங், ஐந்து படிநிலைகளைக் கொண்ட கல்மலை. அவன் மகன் யசோவர்மன் 893இல், தந்தை வெட்டிய பெரிய நீர்நிலையின் நடுவே லோலெய்க் கோயிலை அமைத்தான். இன்று அந்நீர்நிலை வயலாகிவிட்டது. நாங்கள் ஏரியின் அடித்தளத்தில்தான் மிதித்துச் சென்றோம் என்பதை வழிகாட்டி சொன்னபின்னரே உணர்ந்தோம்.

லோலெய் நிலைக்கால்களில் எழுத்து, நேற்று வெட்டியது போல் நிற்கிறது. கெமர்க் கல்வெட்டுகளில் இருமொழி வழக்கு உண்டு. கடவுளையும் அரசனையும் போற்றும் பகுதி வடமொழிச் செய்யுள். கோயிலுக்கு விடப்பட்ட நிலம், நெல், ஆள் ஆகியவற்றின் கணக்குக் கெமர் மொழி உரைநடை. இரண்டாம் வகையே என்னை நிறுத்தி வைத்தது. லோலெயில் கோயிற் பணியாளரின் பெயர்கள் வரிவரியாக நீள்கின்றன. பழங்கெமர்க் கல்வெட்டுகள் காட்டும் இத்தகைய பெயர்ப் பட்டியல்களில் நாய், பூனை, நாற்றமுடையவன் என்ற பொருளில் வரும் பெயர்களும் உள. தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும் அவர்தம் வீட்டு வரிசையையும் முதலாம் இராசராசன் பொறித்ததை நாம் அறிவோம். அங்கும் போற்றியுரை ஒரு மொழியிலும் கணக்கு மக்கள் மொழியிலும் வருவதுண்டு. தஞ்சையில் அம்மக்கள் மொழி தமிழ், இங்கே கெமர். ஒரு நாட்டின் அரசு எம்மொழியினது என்றறியப் புகழ்ப்பாட்டைப் பார்த்தல் போதாது. கணக்கேட்டைப் பார்த்தல் வேண்டும்.

‘வர்மன்’ என்னும் பெயரீறும் எழுத்தின் வடிவமும் எனக்கு அந்நாளில் பெருஞ்சான்றுகளாகத் தோன்றின. வர்மன் என்பது பல்லவர்க்கு மட்டும் உரியதன்று. கதம்பரும் வடக்கே மௌகரியரும் அதனைச் சூடினர். எழுத்தின் செய்தி வேறு. கம்போடியாவின் தொன்மையான கெமர் எழுத்து பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தை ஒத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆண்டு குறித்த கெமர்க் கல்வெட்டுகளுள் மிகப் பழையதாகிய 611ஆம் ஆண்டு அங்கோர் போரெய்க் கல்வெட்டு, அவ்வெழுத்தைக் கொண்டு கெமர் மொழியை எழுதுகிறது. எழுத்தைப் பெற்றவன் மொழியைப் பெற்றவனாகான். மேலும், மேற்சொன்ன யசோவர்மன் தன் ஆசிரமக் கல்வெட்டுகளில் ஒரே வடமொழிப் பாடலைக் கெமர் எழுத்தில் ஒருமுறையும் வடஇந்தியச் சாயலுடைய எழுத்தில் ஒருமுறையுமாக வெட்டுவித்தான். எங்கிருந்து வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளும் தன்னம்பிக்கை உடைய அரசு அது.

தமிழ்க் கல்வெட்டுகள் தென்கிழக்காசியாவில் இல்லாமல் இல்லை. தாய்லாந்தின் தக்குவாபாவில் உண்டு. சுமத்திராவின் பாருஸ் அருகே 1088ஆம் ஆண்டின் வணிகக்குழுக் கல்வெட்டு உண்டு. பர்மாவின் பகானில் உண்டு. அவை வணிகர் விட்டுச் சென்றவை. பெருமை கொள்ள வேண்டின் அங்கே கொள்ளலாம்.

இரண்டாம் நாள் தென்கிழக்கே கொம்பொங் கிதெய் வரை மிதித்தோம். மூங்கிற் குழாயில் அரிசியும் தேங்காய்ப்பாலும் பயறும் இட்டுச் சுட்டு விற்கும் கடைகள் வழிநெடுக இருந்தன, பசியாறியது அங்கேதான். கொம்பொங் கிதெய்யில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏழாம் சயவர்மன் காலத்தில் கட்டப்பட்ட பாலம் ஒன்று இன்றும் பயன்பாட்டில் உள்ளது. செம்புரைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது சிறிதே முன்நீட்டி அடுக்கி, இருபதுக்கும் மேற்பட்ட கண்களை அமைத்துள்ளனர். இரு கைப்பிடிச் சுவர்களும் நாகத்தின் உடல். முனைகளில் படமெடுத்த தலைகள். அண்மைக்காலம் வரை நாட்டின் ஆறாம் எண் நெடுஞ்சாலையே இப்பாலத்தின்மீதுதான் சென்றது. கனரக வண்டிகளுக்குப் புதுப்பாலம் அமைத்து, இதனை இருசக்கர வண்டிகளுக்கும் நடப்போருக்கும் விட்டிருக்கின்றனர். எட்டு நூற்றாண்டுக் கல்லின்மீது என் வண்டிச் சக்கரம் தடதடத்தது. பள்ளிப் பிள்ளைகள் எங்களை முந்திக்கொண்டு போயினர்.

அங்கோர் என்றால் கோயில் என்றே எண்ணியிருந்தேன். அது ஒரு சாலைப் பேரரசுமாகும். மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் சமவெளியில், வயல்மட்டத்திற்கு மேல் மண்கரை உயர்த்தி, ஓடைதோறும் கற்பாலமிட்டு, தலைநகரிலிருந்து பல திசைகளிலும் வழி போக்கினர். 1191ஆம் ஆண்டின் பிரா கான் கல்வெட்டு இவ்வழிகளில் அமைந்த ‘நெருப்பு இல்லங்கள்’ 121 என்று எண்ணிச் சொல்கிறது. சம்பா நாட்டுத் தலைநகருக்குச் செல்லும் வழியில் 57. இன்று தாய்லாந்தில் உள்ள பிமாய்க்குச் செல்லும் வழியில் 17. சுற்றுவழி ஒன்றில் 44. எஞ்சியவை பிற இடங்களில். இவற்றை வழிப்போக்கர் தங்கும் அறச்சாலைகளோடு தொடர்புடையவையாக ஆய்வாளர் கொள்வர். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1296 முதல் 1297 வரை சீனத் தூதுக்குழுவினருடன் அங்கோரில் தங்கிய சௌ தாகுவான், பெருவழிகளில் இளைப்பாறும் இடங்கள் இருந்ததைத் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். கல்லாலான சில இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. நடப்பவனுக்கு அரைநாள் இடைவெளி; எங்களுக்கு ஒரு மணி நேரம். சிற்றுந்து எங்களுக்குத் தண்ணீர் தர நின்ற இடைவெளிகளும் ஏறக்குறைய அவ்வளவே என்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். மனித உடலின் களைப்பு அன்றும் இன்றும் ஒன்றுதான் போலும்.

ஏழாம் சயவர்மனின் 1186ஆம் ஆண்டுத் தா புரோம் கல்வெட்டு இன்னும் வியப்பானது. நாடெங்கும் 102 ஆதுலர் சாலைகள் இருந்ததாகச் சொல்வது அதுவே. அக்கோயிலைத் தாங்க 3,140 ஊர்கள். அவற்றைச் சார்ந்து உழைத்தோர் 79,365 பேர். ஆடல்மகளிர் 615 பேர். எண்களைப் படித்த நாளில் இவை எனக்கு வெறும் எண்களே. ஊர் ஊராக மிதித்து, ஒவ்வோரூரிலும் களத்தில் நெல் காயவைக்கும் பெண்டிரைக் கண்டபின், 3,140 ஊர் என்பது என்ன என்று ஒருவாறு விளங்கிற்று. ஒரு கோயிலின் வேர் அவ்வளவு தொலைவு ஓடியிருக்கிறது.

மூன்றாம் நாள் பெங் மியாலியா. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் பெருங்கோயில். அங்கோர்வாட்டின் உடன்பிறப்பு எனலாம். மண்டபங்கள் சரிந்து, கல்லின்மீது மரமும் மரத்தின்மீது கல்லுமாய்க் கிடக்கின்றன. கண்ணிவெடி அகற்றிய செய்தி கூறும் பலகையைக் கடந்தே உள்ளே சென்றோம். அருகில் குலென் மலையடிவாரத்தில் மணற்கல் வெட்டிய குழிகள் ஐம்பதுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. அங்கிருந்து தலைநகருக்குக் கல்லைக் கொண்டுசெல்ல வாய்க்கால் வழி இருந்தது என்பதைச் சப்பானிய ஆய்வாளர் 2012இல் எடுத்துக்காட்டினர். குழியில் பாறை படிக்கட்டுப் போல் வெட்டுண்டு நிற்கிறது, உளித்தடம் அழியவில்லை.

அன்று மாலை வழிகாட்டியோடு தனியே பேச வாய்த்தது. என் வயதை ஒத்தவராயினும் என்னைப் ‘பொங்’ என்றே விளித்தார். மூத்தவர் என்று பொருள். நம் ‘அக்கா’வைப் போன்றது. “வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், பொங். யார் கட்டினார்கள் என்பார்கள். நாங்கள்தாம் என்றால், பிறகு ஒரு முறை கேட்பார்கள்” என்றார். அவர் குற்றஞ்சாட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 1975 முதல் 1979 வரை நடந்த ஆட்சியில் அந்நாட்டில் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் மாண்டனர். கற்றோர் தேடி அழிக்கப்பட்டனர். அதன் முன்னும் பின்னும் வந்த அரசுகளும், அவ்வரசுமே, கொடியில் அங்கோர்வாட்டின் உருவத்தை வைத்திருந்தன. இன்றைய கொடியிலும் அதுவே. எல்லாம் இழந்த மக்கள் இழக்காத பொருள் அது. அதனை நான் ஓர் ஆண்டு விழாவில், பதினைந்து நிமிட உரையில், கைதட்டலுக்காக எடுத்துக்கொண்டேன். அவரிடம் இதைச் சொல்ல வாய் எழவில்லை.

நான்காம் நாள் பந்தெய் ஸ்ரெய் சென்ற வழி முழுதும் பனை. நம் பனையேதான், அந்நாட்டின் தேசிய மரமும் அதுவே. மரத்தோடு மூங்கிலைச் சார்த்திக் கட்டி, கணுக்களில் கால்வைத்து ஏறுகின்றனர். நம்மூர்க் கலயத்தின் இடத்தில் மூங்கிற் குழாய். நாம் சுண்ணாம்பு தடவும் இடத்தில் அவர்கள் மரப்பட்டைத் துண்டு இடுகின்றனர். சாலையோர அடுப்புகளில் அகன்ற சட்டியில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கருப்பட்டி மணம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டேன். உடன்வந்த வெளிநாட்டார் சற்றுத் திகைத்தனர்.

பந்தெய் ஸ்ரெய் அரசன் கட்டிய கோயிலன்று. யக்ஞவராகன் என்னும் அறிஞர், முதலாம் அர்சவர்மனின் மகள்வழிப் பேரர், 967இல் குடமுழுக்குச் செய்வித்தது. செந்நிற மணற்கல்லில் மரச்செதுக்கின் நுண்மை. 1923இல் ஆந்திரே மால்ரோ என்னும் இளைஞர் இக்கோயிற் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போகையில் பிடிபட்டார். பின்னாளில் பிரெஞ்சு நாவலாசிரியராகவும் பண்பாட்டு அமைச்சராகவும் விளங்கியவர் அவரே. இலக்கியவாதிகள் எல்லாரும் நம்பத்தக்கவர் அல்லர் என்பதற்கு நம் வட்டத்தில் வேறு சான்று தேவையில்லை. பின்னர், 1931 தொடங்கி ஆன்றி மார்ஷால் சிதறிய கற்களைத் தேடியெடுத்து அததன் இடத்தில் சேர்த்துக் கோயிலை நிமிர்த்தினார்.

கிழக்கு வாயிலின் மேல் முகப்பில் சிவபெருமான் பல கரங்களுடன் ஆடுகிறார். அவர் காலடியில் ஒருபுறம், விலா எலும்பு தெரிய, கொங்கை வற்றித் தொங்க, ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அறிஞர் பலர் இவ்வுருவைக் காரைக்காலம்மையார் என்று இனங்கண்டுள்ளனர். படங்களில் பலமுறை கண்டதுதான். நேரில் கண்டபோது நெடுநேரம் பேச்சு வரவில்லை. அழகை உதறிப் பேயுருக் கொண்டு, திருவாலங்காட்டு ஆடலின் கீழிருந்து பாடிய நம் மூதாட்டி, எழில்மகளிர் உருவங்களுக்குப் பேர்போன ‘பெண்கள் கோட்டை’யின் வாயிலில் இருக்கிறார். கெமர்ச் சிற்பி அவரைக் கெமர்ப் பெண்ணாகவே செதுக்கியிருக்கிறான். முகம் அவ்வூர் முகம். வழிகாட்டி, “ஒரு கிழவி, ஆட்டம் பார்க்கிறாள்” என்று கூறிக் கடந்தார். அப்போதுதான் நான் பேசினேன். அவர் ஒரு புலவர் என்றும், எங்கள் மொழியில் அந்தாதி பாடியவர் என்றும், மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றதாகக் கதையுண்டு என்றும் சொன்னேன். அவர் குறிப்பேட்டை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டார். இருமுறை ஒலித்துக் காட்டச் சொன்னார். ஓர் அரசனை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட நான், ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் அங்கோர் தோம். பாயோன் சுவரில் மாட்டுவண்டியும் சந்தையும் மீன்கடையும் செதுக்கப்பட்டுள்ளன. வணிகம் செய்வோர் பெண்களே என்று சௌ தாகுவான் எழுதியதைச் சுவரும் ஒப்புகிறது. வெளியே இளநீர் விற்றவர்களும் பெண்களே.

ஆறாம் நாள் விடியலில் அங்கோர்வாட். 190 மீட்டர் அகல அகழியை ஒட்டி மிதித்து மேற்கு வாயிலை அடைந்தோம். 1113இல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த கோயில். 1860இல் இங்கு வந்த ஆன்றி முவோ என்னும் பிரெஞ்சுக்காரர், இதைக் கட்டியது யார் என்று ஊராரை வினவி, அரக்கர் என்றும் தேவர்கோன் என்றும் தானாக எழுந்தது என்றும் பெற்ற விடைகளை எழுதிவைத்தார். அதன்பின் ஐரோப்பியர், காட்டில் மறைந்த நகரைத் தாமே கண்டுபிடித்ததாகப் பேசினர். உண்மையில் இக்கோயில் ஒருநாளும் மறைந்ததன்று. புத்தத் துறவியர் தொடர்ந்து வழிபட்டனர். 1632இல் வந்த சப்பானிய வழிபாட்டாளர் ஒருவர் தூணில் எழுதிய எழுத்து உள்ளது. கட்டியவர் வேறு எவரோ என்ற ஐரோப்பிய ஐயமும் கட்டியவர் எம்மவர் என்ற என் உரையும் ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டிற்கும் அந்த நெல்வயல்கள் தேவைப்படவில்லை.

நம் சான்றுகளே இதைச் சொல்லிக்கொண்டிருந்தன. காம்போச மன்னன் முதலாம் இராசேந்திரனின் நட்பை நாடித் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு கூறும். 1114ஆம் ஆண்டின் சிதம்பரம் கல்வெட்டு, காம்போச அரசன் முதற் குலோத்துங்கனுக்குக் காட்டிய கல்லொன்று கோயிலில் வைக்கப்பட்டதைக் கூறும். சூரியவர்மன் அரியணை ஏறிய மறு ஆண்டு அது. சோழரின் எழுத்தர் அவனைக் காம்போச அரசன் என்று எழுதினார். தமிழன் என்று எழுதவில்லை. நான் அவரினும் மிகுதியாக அறிந்தவள் போலப் பேசினேன். விருத்தம் பாடிய பெரியவரிடம் இதை முன்னரே தெரிவித்துவிட்டேன். பாட்டுக்குக் கல்வெட்டு எண் வேண்டா என்றார். இருக்கலாம். உரைக்கு வேண்டும்.

தென்புறத் திருச்சுற்றில் சூரியவர்மன் அரியணையில் வீற்றிருக்கிறான். குடைகள் சூழப் படைத்தலைவர் அணிவகுக்கின்றனர். லவோ நாட்டுப் படையும் சியாம் படையும் உடன் செல்கின்றன. உருவங்களின் அருகே சிறு எழுத்தில் அவரவர் பெயர் பொறித்திருக்கிறது. அரசனின் பெயர் பரமவிஷ்ணுலோகன். அவன் இறந்தபின் வழங்கிய பெயர் அது. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து அவ்வெழுத்துகளை வழிகாட்டி எங்களுக்குக் காட்டினார். சில சொற்களை அவரால் படிக்கவும் முடிந்தது.

அன்புள்ள மாணவிக்கு: நீ கேட்ட எண், கம்போடியக் கல்வெட்டு வரிசையில் கே. 298. மொழி கெமர்.